உங்கள் வாயைப் பொத்திய கை

அக்கா,

இன்று மதியம் பேருந்தில் மூக்குக்கண்ணாடி எடுப்பதற்காகக் கைப்பையைத் திறந்தேன். உள்ளே ஓடிகொலோன் பாட்டிலின் மூடி கழன்று, கைக்குட்டை, மாத்திரை அட்டை, சீப்பு எல்லாம் நனைந்து கிடந்தன. பக்கத்தில் இருந்த பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, நல்ல வாசனையாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். கடைப் பெயரைச் சொன்னேன். எதற்காக வாங்கியது என்று சொல்லவில்லை. இருபது வருடமாகத் துக்க வீடுகளுக்கு நான் எடுத்துப்போகும் பாட்டில் அது என்பது உங்களுக்குத் தெரியும். கதறுகிற பெண்களின் நெற்றியில் தடவி, போதும்மா போதும் என்று வாயடைக்க வைப்பதற்கான என் ஆயுதம். இன்றும் ஒரு சாவு வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தேன். அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் குரலை நான் கேட்டுவிட்டேன். அரசு மருத்துவமனை வேலைக்கு மாற்றலாகி வந்து, உங்கள் தெருவில் குடியேறிய முதல் வாரம். எதிர்வீட்டுக்காரர் இறந்துபோனார். குடித்துவிட்டுத் தெருவையே திட்டுகிற மனிதர், அவருக்காக அழ யாருக்கும் பெரிய ஆசை இல்லை. யாரோ ஓடிப்போய் உங்களை அழைத்து வந்தார்கள். பெரிய காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்தீர்கள். முழங்கை வரை அரக்குச் சிவப்பு. உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி எடுத்தீர்கள். கால் மணி நேரத்தில் அந்த மனிதரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. வீட்டுக்குள் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு உங்கள் மகள் கலா எங்கள் சபையின் ஞாயிறு பள்ளிக்கு வரத் தொடங்கினாள். அவள்தான் உங்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பாட்டுப் புத்தகத்தை வாங்க நீங்கள் நீட்டிய கை ஒரு வாரம் பச்சையாக இருக்கும், ஒரு வாரம் மாம்பழ நிறமாக இருக்கும். அதற்கு நீங்கள் வெட்கப்பட்டதேயில்லை. தாமல் ஏரி நிரம்பிய வருடம் அங்கே உங்களுக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. உங்களைத் தயார்படுத்தும் பொறுப்பைப் பாஸ்டர் என்னிடம் கொடுத்தார். விடவேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதினேன். வெற்றிலை, கெட்ட வார்த்தை, பூ, ஒப்பாரி. முதல் மூன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் நான்காவதில் நின்றீர்கள்.

"ஒப்பாரியுமா சிஸ்டரு? செத்தவங்களுக்கு அழுவறதுல இன்னா பாவம் இருக்குது?"

அழலாம், ஆனால் அடக்கமாக அழவேண்டும், மறுமை நம்பிக்கை இல்லாதவர்களைப்போலக் கத்தக் கூடாது என்று விளக்கினேன். ஆண்டவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றீர்கள். ஆண்டவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, அக்கா. நோட்டில் எழுதியது நான்.

அடக்கம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. சாயப்பட்டறையில் ஒரு கட்டுப் பட்டுநூலைக் காணவில்லை என்று மேஸ்திரி உங்கள்மேல் பழி போட்டாரே, அதை நினைத்துக்கொள்கிறேன். பழைய ஆளாக இருந்திருந்தால் அவருடைய மூன்று தலைமுறையைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பீர்கள். அன்று சாயக் கொப்பரையில் நூலைப் புரட்டுகிற கழியைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் தேடிப் பாருங்கள் அண்ணா என்று சொல்லி, வெளியே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப வேலையில் நின்றீர்கள். நூல் கட்டு உலர்த்துகிற கொடிக்குப் பின்னால் கிடைத்தது. மேஸ்திரி உங்கள் முகத்தைப் பார்க்காமல் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். "உள்ள கொப்பரை மாதிரி கொதிக்குது சிஸ்டரு, ஆனா மூடி எங்கையில இருக்குது" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அதுதான் வேதம் சொல்கிற ஆவியின் கனி, இச்சையடக்கம் என்று நான் சபையில் எழுந்து சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். கோபம் இருந்தது, வலியும் இருந்தது, அதை என்ன செய்வது என்பதை நீங்களே தீர்மானித்தீர்கள்.

என் அடக்கம் வேறு ரகம். என் அப்பா இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா ஒரு மாதம் மார்பில் அடித்துக்கொண்டு கிடந்தாள், எங்களுக்குச் சோறு போட மறந்துபோனாள். அழுகை என்பது பிள்ளைகளைப் பட்டினி போடுவது என்று அப்போதே எனக்குள் முடிவாகிவிட்டது. வளர்ந்து நர்ஸ் ஆனபோது வார்டில் அதற்குத் திறமை என்று பேர் கிடைத்தது. சபைக்கு வந்தபோது இச்சையடக்கம் என்று இன்னும் நல்ல பேர் கிடைத்தது. எந்தச் சாவிலும் கலங்காத ஆள் என்று எல்லாரும் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடம் தவறாமல் பெண்கள் கூட்டத்தில் அந்தத் தலைப்பில் பேசினேன். உள்ளே இருந்தது வெறும் பயம் என்று எனக்கே தெரியாதபோது கேட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?

கலாவை அந்த லாரி அடித்த நாளுக்கு வருகிறேன். எத்தனை சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தாள், அவ்வளவுதான். இருபத்தாறு வயது. தை மாதம் நிச்சயம் வைப்பதாக இருந்தது. மறுநாள் பகல் வீட்டு வாசலில் ஐஸ் பெட்டி. மேளம் வேண்டாம் என்று நாங்கள் முன்பே சொல்லியிருந்தோம். சபையார் ஒரு பக்கம் பாடிக்கொண்டிருந்தோம். இன்னொரு பக்கம் உங்கள் பழைய உறவுக்காரர்கள், பட்டறை ஆட்கள், தெருக்காரர்கள். அவர்கள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர்ச் சாவுக்கெல்லாம் பாடியவள் சொந்த மகளுக்கு என்ன பாடப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

காலையிலிருந்து அசையாமல் இருந்த நீங்கள் திடீரென்று முடியை அவிழ்த்தீர்கள். கண்ணாடி மூடியின்மேல் நீலம் ஏறிய கையை வைத்தீர்கள். எங்கள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குரல் அதன் மேலே ஏறியது.

"ஊருக்கெல்லாம் சாயம் வெச்சேன், என் கண்ணே, ஒன் கூறைக்கி வெக்கலியே,
நாளைக்கின்னு நானிருந்தேன்..."

அத்தோடு நின்றது. நான் எழுந்து வந்து உங்கள் வாயைப் பொத்தியிருந்தேன்.

"அக்கா, சாட்சி கெட்டுடும். எல்லாரும் பாக்குறாங்க."

இதைத்தான் சொன்னேன். கடவுளை அறியாத சனம் பார்த்துக்கொண்டிருக்கிறது, விசுவாசியின் வீட்டுச் சாவு எப்படி இருக்கும் என்று காட்டவேண்டும் என்பது என் கணக்கு. என் உள்ளங்கையில் உங்கள் மூச்சு சூடாக இரண்டு முறை மோதியது. மூன்றாவது முறை மோதவில்லை. நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு உறுத்தல் இருக்காது. அனுமதி கேட்கிற குழந்தையைப்போலப் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். நீங்களே முடியை அள்ளிக் கொண்டை போட்டுக்கொண்டீர்கள். குழிமேட்டிலும் ஒரு சொட்டு வரவில்லை.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் உங்களை முன்னால் அழைத்து நிறுத்தினார். பெற்ற மகளைப் பறிகொடுத்தும் கலங்காத தாய் என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன், எல்லாரையும்விட நீளமாக. பிறகு வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று பக்கத்துச் சபைகளிலும் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நான்தான் கூடவே அழைத்துப்போனேன். எல்லா இடத்திலும் ஒரே நான்கு வாக்கியம், ஒரே குரல், மருந்துச் சீட்டை வாசிப்பதுபோல. ஒருமுறை திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"அந்தப் பாட்டு மிச்சம் எங்கியும் போவல சிஸ்டரு. தொண்டைல வந்து நின்னுக்கினே இருக்குது. துப்பவும் முடியல, முழுங்கவும் முடியல."

ஜெபம் பண்ணுங்கள் அக்கா என்றேன். அதோடு கைக்குட்டையில் நாலு சொட்டு ஓடிகொலோன் விட்டு நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவேயில்லை.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு நீங்கள் வார்டில் கிடந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தினமும் காலையில் வந்து உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்று இப்போது எழுதுவது சுலபம். வந்து என்ன செய்தேன்? போர்வையைச் சரிசெய்தேன், ஊசி ஏற்றிய இடம் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், சங்கீதம் வாசித்தேன். ஒரு நாள் நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி, "நான் போயிட்டா நீ அழுவியாமா?" என்று கேட்டீர்கள். நாம்தான் பரலோகத்தில் சந்திக்கப்போகிறோமே, எதற்கு அழவேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். நீங்கள் சரி சரி என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

உங்கள் அடக்கம் மிக ஒழுங்காக நடந்தது. ஒரு சத்தம் இல்லை. நான் இரண்டாம் குரலில் பிசகாமல் பாடினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, இப்போது யாரும் பார்க்கவில்லை, அழு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. சாம்பார் கொதிக்க வைத்துவிட்டு அதன் முன்னால் நின்று முயற்சி செய்தேன். வரவில்லை. உங்கள் கொப்பரைக்கு ஒரு மூடியும் அதைப் பிடிக்க ஒரு கையும் இருந்தன. என்னுடையது எப்போது வற்றிப்போனது என்றே தெரியவில்லை. நாலு நாள் முன்பு செத்த சிநேகிதனை இன்னும் சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் ஆண்டவர் அந்தக் கல்லறை வாசலில் நின்று அழுதார். அதை வாசித்து எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! அவருடைய சாட்சி கெட்டுப்போகவில்லை. அவர் வாயைப் பொத்த அங்கே என்னைப்போல ஒருத்தி இல்லை.

உங்கள் குரல் இப்போது எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது. ஆராதனையில் எல்லாரும் பாடும்போது அடியில் கேட்கும். குக்கர் சத்தம் அடங்குகிற நொடியில் கேட்கும். எப்போதும் "நாளைக்கின்னு நானிருந்தேன்" வரைதான். அதற்கு மேல் என்ன என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்று இறந்தது மேரியின் கணவர். மேரியை உங்களுக்குத் தெரியும், சபையில் பின்வரிசையில் கைக்குழந்தையோடு உட்காருவாள். காலையில் டீ கேட்ட மனிதர், டீ ஆறுவதற்குள் போய்விட்டார். நான் போனபோது அவள் பெட்டியின்மேல் விழுந்து கத்திக்கொண்டிருந்தாள். நம் கூட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி உள்ளங்கையை மேரியின் வாய்க்குக் கொண்டுபோனாள். நான் சொல்லிக்கொடுத்த அதே விதம், விரல்கள் சேர்ந்து, கட்டைவிரல் தாடையில். கொண்டுபோய்விட்டு என்னைப் பார்த்தாள்.

நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"விடும்மா. அது அழட்டும்."

பாட்டு நின்றுவிட்டது. பாஸ்டர் தொண்டையைச் செருமினார். நான் யாரையும் பார்க்காமல் மேரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள் அக்கா, எனக்குத் தெரிந்து நம் சபை வீட்டில் எவரும் அப்படி அழுததில்லை. அவளுக்குப் பாட்டெல்லாம் தெரியாது, வெறும் அழுகைதான். ஓய்ந்தபிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, நான் இப்படிக் கத்தினது தப்பா சிஸ்டர், ஆண்டவருக்குப் பிடிக்காதா என்று கேட்டாள். இல்லம்மா, தப்பே இல்லை என்றேன். உங்களுக்குச் சொல்லவேண்டியதை, நேரம் தவறி, வேறொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்தபோது பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, வியாழக்கிழமை பெண்கள் கூட்டத்தில் நீங்கள்தான் பேசவேண்டும், வழக்கமான தலைப்புதான் என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். இந்த முறை உங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். மேஸ்திரி முன்னால் நீங்கள் கழியைக் கீழே வைத்ததைச் சொல்வேன். பெட்டியின் பக்கத்தில் நான் செய்ததையும், எல்லாரையும்விட நீளமாகக் கைதட்டியதையும் சொல்வேன். ஒன்றையும் மறைக்கமாட்டேன். அவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்ற பயம் போய்விட்டது.

அழாமல் சொல்லி முடித்துவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது, அக்கா.