கூண்டில் இரண்டு பேர்

பிப்ரவரி 9, 2061. காலை 6.10. ஆழம் 900 மீட்டர்

இறக்கம் சீராக இருக்கிறது. நுரையீரல் முழுக்கத் திரவம், அதில்தான் சுவாசம். பேச முடியாது. கப்பலுக்குச் சொல்ல வேண்டியதைத் தட்டச்சு செய்கிறேன். இந்தக் குறிப்பு மட்டும் கப்பலுக்குப் போகாது, கூண்டிலுள்ள பெட்டியிலேயே பதிவாகும்.

நான் ஜெசிந்தா ரோச், ஊர் தூத்துக்குடி. எஃகுக் கலத்துக்குள் உட்கார்ந்து இந்தக் கடலடிப் பள்ளத்தைப் பார்த்தவர்கள் உண்டு. நான் திறந்த கம்பிக்கூண்டில், கடலின் முழுப் பாரத்தையும் உடம்பில் வாங்கிக்கொண்டு இறங்குகிறேன். மனிதர் செய்தவற்றிலேயே மிக ஆபத்தானது என்று நிறுவனம் விளம்பரம் போட்டிருக்கிறது. உலகமே நேரலையில் பார்க்கிறது.

காலை 8.30. ஆழம் 4,100 மீட்டர்

கடுங்குளிர். விரல்கள் மரத்துவிட்டன. கப்பலில் இந்தக் கூண்டு தொங்கும் வடத்தை இயக்குபவர் அலோசியஸ் அண்ணன். சின்ன வயதிலேயே எனக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவர். அவர் குரல் தண்ணீர் வழியே வந்தது:

"அருமையா போறட்டி ஜெசி. பதறாத. கயிறு என் கையிலதான இருக்கு."

பதற்றம் போய்விட்டது.

காலை 10.20. ஆழம் 7,150 மீட்டர்

தரை. கூண்டை விட்டு இறங்கி நின்றேன். சேறு முழங்கால்வரை வந்தது. கப்பலில் எல்லோரும் கத்துவது கேட்டது. நானும் அழுதேன்.

விளக்கைச் சுழற்றியபோது இடப்பக்கம் ஏதோ மின்னியது. அங்கே போகிறேன்.

காலை 10.35

இன்னொரு கூண்டு. என்னுடையதைப் போலவே. உள்ளே நிறுவனத்தின் மஞ்சள் உடையில் ஒரு மனிதர். மார்பில் பெயர்: டெரன்ஸ் கோமஸ்.

டெரன்ஸ் என்னோடு பயிற்சி எடுத்தவன். வேலையை விட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சொல்லாமல் போனவன் என்று ஓராண்டாக அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அவன் அனுப்பிய வாழ்த்து என்று அலோசியஸ் அண்ணன்தான் எனக்கு ஒன்றைப் படித்துக் காட்டினார்.

காலை 10.50

கப்பலிலிருந்து அலோசியஸ் அண்ணன் குரல்: "ஜெசி, அந்தப் பக்கம் போவாத. நேரலைய நிறுத்திட்டாங்க."

டெரன்ஸுக்கு என்ன ஆனது என்று கேட்டேன்.

"இறங்குனது நல்லாத்தான் இறங்குனான். ஏத்தும்போது பாதி வழியில நுரையீரல் கிழிஞ்சிருச்சு. வெளிய தெரியக்கூடாதுன்னு வடத்த அறுக்கச் சொன்னாங்க."

யார் அறுத்தது?

"நாந்தாம்ட்டி."

அவன் சுவாசித்த திரவத்தை அதன்பின் மாற்றினீர்களா என்று கேட்டேன். மாற்றியிருக்கிறார்களாம். யாருக்காவது கொடுத்துப் பார்த்தீர்களா?

"ஒனக்குத்தான் மொதல்ல."

காலை 11.15

என் கூண்டுக்குத் திரும்பி, மேலே இழுக்கச் சொன்னேன். அசையவில்லை. வடத்தை இழுக்கும் பொறியின் ஒலியும் கேட்கவில்லை.

"ஜெசி, ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. டெரன்ஸ் விஷயம் எல்லாம் தெரிஞ்சுதான் நானே விரும்பி இறங்குனேன்னு. அனுப்புனா ஒடனே இழுத்துருதோம்னு சொல்லுதாங்க. அண்ணன் சொன்னா கேக்கமாட்டியா?"

அந்த வரி கையில் கிடைத்தபின் நான் உயிரோடு வரவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அவருக்கும் இது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

பகல் 12.05

டெரன்ஸின் கூண்டில் ஈயக் கட்டிகள் அப்படியே இருக்கின்றன. அதனால்தான் வடம் அறுந்ததும் மூழ்கிவிட்டான். அவனை இழுத்து வந்து என் கூண்டில் கட்டினேன். அவன் முகத்தை ஒருமுறைதான் பார்த்தேன்.

வடத்தை அவர்கள் அறுக்கும் முன் நானே அறுத்துவிட்டேன். என் கூண்டின் ஈயத்தைக் கழற்றியாயிற்று. கூண்டின் மிதவைகள் எங்களை மேலே தூக்குகின்றன. கப்பலுக்கு எதுவும் எழுதி அனுப்பவில்லை.

ஆழம் 3,600 மீட்டர்

நெஞ்சு எரிகிறது. இங்கேதான் அவனுக்கு நடந்திருக்க வேண்டும்.

ஆழம் 1,200

திரவம் சிவக்கிறது. ஒரு பக்கம் மூச்சு இல்லை. அம்மாவிடம் யார் போய்ச் சொல்வார்கள்? அலோசியஸ் அண்ணன்தான் போவார். பக்கத்தில் உட்கார்ந்து அழுவார்.

மேற்பரப்பு

வெளிச்சம். அலை புரட்டுகிறது. கப்பல் தெரியவில்லை, நீரோட்டம் தூரமாகக் கொண்டுவந்துவிட்டது. அவர்கள் வந்துவிடக்கூடாதென்று இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டேன். அதனால் வேறு யாரும் என்னைத் தேடி வர முடியாது. தெரிந்துதான் அணைத்தேன்.

இதை எடுப்பவருக்கு: கூண்டில் இரண்டு பேர் இருக்கிறோம். தரையை முதலில் தொட்டது டெரன்ஸ். அவன் மஸ்கட் போகவில்லை என்று அவன் வீட்டில் சொல்லுங்கள். பெட்டியை அந்தக் கப்பல்காரர்களிடம் கொடுக்காதீர்கள்.

அலோசியஸ் அண்ணன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

"எங்கட்டி இருக்க? எடத்த மட்டும் சொல்லு. அண்ணன் வந்து தூக்கிக்கிடுதேன்."

சின்ன வயதில் கூப்பிட்ட அதே குரல். விரல் கருவிமேல் போகிறது. விரலை எடுத்துவிட்டேன். மறுபடியும் போகிற