நடுவில் நாலு பக்கம்

அன்புள்ள ஜைனப்புக்கு, ஸலாம்.

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் தம்மாமிலிருந்து எழுதுகிறேன்.

நம் கார் எஞ்சின் பழுதானபோது, நேரத்துக்கு சர்வீஸ் செய்யவில்லை என்று சொல்லி கம்பெனிக்காரன் வாரண்டி தர மறுத்தான். நீ அசரவில்லை. ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், மாற்றிய பாகம் எல்லாம் எழுதிவைத்த நோட்டையும் பில்களையும் நுகர்வோர் ஆணையத்தில் கொண்டுபோய் வைத்தாய். புது எஞ்சின் போட்டுத்தர உத்தரவாகிவிட்டது. மேலப்பாளையமே உன்னைப் பற்றித்தான் பேசுகிறதாம்.

நீ அனுப்பிய நோட்டுப் படங்களைப் பெருமையோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். நடுவில் நாலு பக்கம் உன் எழுத்து இல்லை. எதிர்வீட்டு அன்சர் எழுத்து. “வண்டியைக் காலையில் சர்வீஸுக்கு விட்டோம், சாயங்காலம் எடுத்தோம்” என்று எழுதியிருக்கிறான். விட்டோமாம், எடுத்தோமாம்! மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவனுக்கே போன் போட்டேன். “ஏலே, என் வண்டி நோட்டுல உனக்கு என்ன வேலை?” என்று கத்தினேன்.

“ஜைனப் மயினிக்கு வலது கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருந்துச்சுல்லா அண்ணே. அவங்க சொல்லச் சொல்ல நான் எழுதுனேன். உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று பொய் சொன்னேன்.

இரண்டு மாதம் நீ வீடியோவில் முகத்தை மட்டும் காட்டிப் பேசியது இப்போதுதான் உறைக்கிறது. அவன் மேல் சந்தேகம் போய்விட்டது. பொறாமை போகவில்லை. நீ வலியில் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான், நான் பார்க்கவில்லை.

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கை இன்னும் வலிக்கா?

உன் வீட்டுக்காரன்