அசுவினிக்குள் ஒரு குடித்தனம்

இராஜபாளையம்
9.2.2025

அன்புள்ள அத்தான்,

அங்கே பனி குறைந்ததா? மாமாவும் அத்தையும் சுகம். போன் எடுக்காத இடத்தில் உங்களைப் போட்டுவிட்டார்கள் என்று அத்தைக்கு ஒரே குறை.

இங்கே ஒரு கூத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆய்வுக்கூடத்தில் பருத்திச் செடியில், சாறு உறிஞ்சும் அந்த அசுவினிப் பூச்சியை வளர்க்கிறேன் இல்லையா? தோட்டம் பார்க்கும் கருத்தையா அண்ணன் இலையில் புள்ளியைக் கண்டு, கருகல் நோய்க்கான ஆன்டிபயாடிக் தூளைக் கரைத்து ஊற்றிவிட்டார். "செடி வாடுதேம்மா, மனசு கேக்கல" என்கிறார். திட்டவும் முடியவில்லை. பூச்சிகள் சாகவில்லை. ஆனால் வளர்ச்சி நின்று, குட்டி போடுவதும் (முட்டையில்லை, இது குட்டிதான் போடும்) நின்றுவிட்டது.

அசுவினியின் உடம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது, அத்தான். செடிச் சாற்றில் இல்லாத சத்தை அதுதான் ஆக்கிப் போடுகிறது. மருந்தில் அது செத்ததும் பூச்சி வம்சமே முடங்கிவிட்டது! அந்தப் பாக்டீரியா தாய் வயிற்றிலேயே பிள்ளைக்குப் போய்விடுமாம். நீங்கள் காவல் நிற்கும் அந்த மலை எழும்புவதற்கு முன்பிருந்தே, ஒரு தலைமுறை விடாமல். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

உங்கள்
கார்த்தி

லே, லடாக்
2.3.2025

அன்பு கார்த்தி,

உன் பூச்சிக் கதையை இங்கே கூட இருப்பவர்களுக்கு இந்தியில் சொன்னேன். பஞ்சாபி ஹவில்தார் வாயைப் பிளந்துவிட்டார்.

நல்ல சேதி. எனக்கு அடுத்த மாற்றல் ஜான்சிக்கு, அங்கே குடும்பக் குவார்ட்டர்ஸும் கிடைத்துவிட்டது. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடு. உன் பாக்டீரியா மாதிரி வீட்டுக்குள் நிம்மதியாக இரு, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு, ஏட்டி.

தவசிமுத்து

இராஜபாளையம்
20.3.2025

அன்புள்ள அத்தான்,

கடைசி வரியைப் படித்து அழுதுவிட்டேன். எனக்கும் அலுத்துத்தான் போயிற்று.

ஆனால் கதையின் மீதியை நான் எழுதவில்லை. அந்தப் பாக்டீரியாவும் ஒரு காலத்தில் வெளியே தனியாகப் பிழைத்ததுதான். நம் குடலில் இருக்கும் பாக்டீரியாவுக்குத் தூரத்துச் சொந்தம். வீடும் சாப்பாடும் கிடைத்த பிறகு, தேவைப்படாத திறமையெல்லாம் ஒவ்வொன்றாக அதை விட்டுப் போய்விட்டது. தன் மேலுறையைக் கட்டவும், அடிபட்டதைச் சரிசெய்யவும் இப்போது அதற்குச் சரியாகத் தெரியாது. வெளியே எடுத்து வைத்தால் செத்துப்போகும். இதைவிடப் பெரிய அதிசயத்தை நான் கண்டதில்லை. தினமும் மலைத்துப்போய்த்தான் பார்க்கிறேன். அதற்காக அதுபோல் வாழ எனக்கு ஆசையில்லை.

வேலையை விடமாட்டேன். மே மாதம் லீவு போட்டு ஜான்சிக்கு வருகிறேன். உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைக்கிறேன், நீங்களும் எனக்குச் சமைத்துப் போடுங்கள். திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துவிட்டேன். அது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் இப்போதே எழுதுங்கள். போகிற டிக்கெட்டையும் ரத்து செய்துவிடுகிறேன்.

கார்த்திகா