மெக்கென்சிகளின் பட்டியல்

லூயிஸ் தீவு
பிப்ரவரி 9, 1987

அன்புத் தம்பி முர்டோவுக்கு,

நீ கனடாவுக்குக் கப்பல் ஏறின அன்று, துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனா நீ இங்க இருப்பதானேக்கா?" என்று கேட்டாய். "இருக்கேன், போ" என்றேன். முப்பத்தொரு வருடமாகிறது.

உங்கள் மெக்கென்சி சங்கத்து விழா மலருக்கு, நம் குடும்பப் பெயர் கொண்ட பிரபலங்கள், ஊர்கள் பட்டியல் கேட்டிருந்தாயே, ஆரம்பித்துவிட்டேன். நம் தீவில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கென்சி. உங்கள் நாட்டின் மிக நீளமான நதிக்கு அவர் பெயர். கல்தச்சராக வந்து உங்கள் பிரதமரான இன்னொரு அலெக்சாண்டர். நியூசிலாந்தில் ஒரு சமவெளிக்கே நம் பெயர், ஆடு திருடியதாகப் பிடிபட்ட ஜேம்ஸ் மெக்கென்சியால் வந்தது. அவனையும் சேர்த்திருக்கிறேன், முகம் சுளிக்காதே.

இன்னொரு விஷயம். பள்ளிப் பியானோவுக்குச் சுதி சேர்க்க வருடாவருடம் டண்டியிலிருந்து வருவாரே, கில்பர்ட் பெட்ரி, அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் அப்பாவின் குத்தகை நிலம் என் பெயரில் இருக்கிறது. சட்டப்படி நான் பத்து மைலுக்குள் குடியிருக்க வேண்டும். அவர் ஊருக்குப் போவதென்றால் யாருக்காவது மாற்றிக் கொடுக்க வேண்டும். உன் மகன் ஸ்டூவர்ட் வந்து ஏற்றுக்கொள்வான் என்று ஐந்து வருடமாகச் சொல்கிறாய். போன வாரம் புயலில் மூன்று நாள் கப்பல் ஓடவில்லை. பாடம் முடிந்தும் மணி அடிக்காத வகுப்பில் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கும்? அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அவன் எப்போது வருகிறான்? தேதி சொல்.

அன்புடன்,
அக்கா கென்னா

டொராண்டோ
மார்ச் 2, 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டியல் பிரமாதம். ஆட்டுத் திருடனை மட்டும் எடுத்துவிடு. சங்கத்தில் இரண்டு நீதிபதிகள் இருக்கிறார்கள்.

ஸ்டூவர்ட் அடுத்த வசந்தத்தில் கட்டாயம் வருவான். நாலு தலைமுறையாக மெக்கென்சி கையில் இருக்கும் மண் வேறு பெயருக்குப் போகலாமா? பியானோக்காரர் இன்னும் ஒரு வருடம் பொறுக்கமாட்டாரா? ஆகஸ்டில் சங்கத்தார் பன்னிரண்டு பேர் நம் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். நீ வாசலில் நிற்காவிட்டால் அது வெறும் கல்வீடு.

உன் தம்பி,
முர்டோ

லூயிஸ் தீவு
ஜூலை 20, 1987

தம்பி முர்டோவுக்கு,

நான்கு மாதம் பதில் போடாததற்குக் காரணம் சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் தபால் கொண்டுவரும் டோலினா ஒரு கனடாக் கடிதத்தை நீட்டினாள். "வெறும் 'கெ. மெக்கென்சி'ன்னு போட்டிருக்காரு டீச்சர். பாதிப் பேர் மெக்கென்சியா இருக்கற இந்த ஊர்ல பட்டப்பெயர் இல்லாம எழுதினா நான் என்ன ஜோசியமா பாக்குறது? உங்க தம்பி எழுத்துதானே, உங்களுக்குத்தான் இருக்கும்." கூடவே வந்திருந்த கில்பர்ட்டின் டண்டிக் கடிதத்தைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "இவரு மை வாங்கியே போண்டியாயிடுவாரு போல!" என்றாள்.

பிரித்துவிட்டேன். அது நம் சித்தப்பா மகன் கரையோரக் கென்னத்துக்கு நீ எழுதியது. "ஸ்டூவர்ட் வரமாட்டான், போன வருஷமே சொல்லிட்டான். அக்காகிட்ட சொல்லிடாதே. வருவான்னு நம்புற வரைக்கும் அவ இருப்பா."

கடிதத்தை எடுத்துக்கொண்டு கென்னத் வீட்டுக்குப் போனேன்.

"படிச்சிட்டியா?" என்றான்.

"படிச்சிட்டேன்டா."

தொப்பியைக் கழற்றினான். "நானே சொல்லியிருக்கணும் கென்னா. நீ இங்க இருக்கறது எனக்கும் வசதியாத்தான் இருந்துச்சு."

அவனிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவனாவது சொன்னான்.

மறுநாளே, நிலத்தை ஏஃபி கில்லிஸுக்கு மாற்றக் கேட்டு குத்தகை நில ஆணையத்துக்கு எழுதினேன். அவள் ஸ்கை தீவிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். ஆறு வருடமாக அவள் ஆடுகள்தான் அங்கே மேய்கின்றன. சனிக்கிழமை அனுமதி வந்தது. ஆகஸ்டில் வருகிறவர்களுக்கு அவள் தேநீர் கொடுப்பாள். பெயர் கேட்டால் தன் பெயரைச் சொல்வாள். நான் வெள்ளிக்கிழமைக் கப்பலில் போகிறேன். கில்பர்ட் மறுகரையில் உல்லாப்பூலில் நிற்பார்.

பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன், ஆட்டுத் திருடன் உட்பட. நாற்பத்தேழு பேர். சுத்தமாக எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன்: ஒருவர்கூட பிறந்த வீட்டில் இருந்தவர் இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பென்சில் எடு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அவர் கிளம்பியபோது வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் யார் என்று எழுதிப் பார்.

கென்னா