பெறுநர் ஏற்க மறுத்துவிட்டார்

அலுவலகம், திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாகத்தான் இருப்பாய், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கப்பல் பதினேழாம் தேதி துறைமுகத்துக்கு வந்ததும் ஏஜெண்ட் இதை உன் கையில் கொடுப்பார். காகிதத்தை யாரும் தடுக்க முடியாது பார்.

மூன்று வாரமாக நான் அனுப்பிய ஒன்பது மெயிலும் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஒரே வரி: "பெறுநர் தங்கள் அஞ்சலை ஏற்க மறுத்துவிட்டார்." மறுப்பதைக்கூட எவ்வளவு மரியாதையாகச் செய்கிறாய்! இங்கே யாருக்கு மெயில் போகவில்லை என்றாலும் என் மேஜைக்குத்தான் ஓடி வருவார்கள். சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். முகவரியில் பிழை, பெட்டி நிரம்பிவிட்டது என்று ஏதாவது காரணம் கண்டுபிடித்துச் சொல்வேன். இது அப்படி இல்லை. எனக்குப் போலீஸ் என்று பட்டப்பெயர் வைத்தவன் நீ. போலீஸ் சொல்கிறேன், மறுத்தது ஆள்தான்.

அப்பா யாரிடம் இருப்பது என்று போன விடுமுறையில் நாம் போட்ட சண்டை உனக்கு இன்னும் ஆறவில்லை. அல்லது யாரோ அதை ஆறவிடாமல் கிளறுகிறார்கள். உன் மனைவிக்குப் போன் செய்தேன். "எனக்குத் தினமும் மெயில் வருதே அண்ணி" என்றாள். எப்படி வராமல் இருக்கும்! அப்பா விஷயத்தை உன்னிடம் சொல்லச் சொன்னேன். மறுநாள் அவளே கூப்பிட்டு, "அக்காதான் என்னை வேண்டாம்னுட்டாங்களே, இனி எதுக்கு எழுதணும்னு கேக்கறார்" என்றாள். நான் எப்போதடா உன்னை வேண்டாம் என்றேன்? அது அவள் கட்டிய கதை. அப்படி அவளிடம் நான் வாயால் சொல்லவில்லை, ஆனால் நம்பவில்லை என்று குரலில் காட்டிவிட்டேன்.

அப்பாவுக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். இருபத்துநான்காம் தேதி குறித்திருக்கிறார்கள். அதற்கு மேல் தள்ளினால் தான் பொறுப்பில்லை என்கிறார் டாக்டர். அப்பாவோ கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். உன் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவேனே, அந்தக் காகிதம் வேண்டுமாம். "அவன் எழுதட்டும், அப்புறம் படுக்கறேன்" என்று ஒரே பிடிவாதம். தினமும் நான் வந்ததும் என் பையைத்தான் பார்க்கிறார்.

நாளை நீ "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று நழுவக்கூடாது. ஆதாரத்துக்குச் சர்வரின் லாகைப் பிரிண்ட் எடுத்து இத்துடன் வைக்கிறேன்.

வியாழக்கிழமை

மேலே எழுதியதை அடிக்கவில்லை. படித்துவிட்டு நன்றாகத் திட்டு.

எந்த மெயில் எப்போது வந்தது, எங்கே நின்றது என்று சர்வர் எழுதிவைக்கும் குறிப்புதான் லாக். முதலில் லாகைப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், என் விஷயத்தில் மட்டும் பார்க்கவில்லை. மறுத்தது நீ என்றுதான் தெரியுமே, பார்க்க என்ன இருக்கிறது! பிரிண்ட் எடுத்துப் படித்தால், என் மெயில் ஒன்றுகூட இந்தக் கட்டடத்தை விட்டே போகவில்லை. திருப்பியது எங்கள் சர்வர்.

மூன்று வாரத்துக்கு முன், திரும்பி வரும் மெயிலில் இருக்கும் வாசகத்தைத் தமிழில் மாற்றச் சொன்னார்கள். எழுதியது நான். சரியாக வருகிறதா என்று சோதிக்க ஒரு வெளி முகவரிக்குத் தடை போட வேண்டியிருந்தது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன்னுடையது ஒன்றுதான். அன்றைக்கென்று சர்வர் அறையில் ஏசி நின்றுபோக, அதன் பின்னால் ஓடினேன். தடையை எடுக்க மறந்தே போனேன். உன் கப்பல் கம்பெனி சர்வருக்குத் தமிழ் எங்கேயடா தெரியும்? அதைக்கூட யோசிக்காமல், நான் எழுதிய வரியைப் படித்து நானே அழுதிருக்கிறேன்.

அதைவிடக் கொடுமை, அந்தத் தடை நீ அனுப்பியதையும் திருப்பியிருக்கிறது. உனக்கும் அதே வரிதான் வந்திருக்கும். உன் மனைவி சொன்னது நிஜம். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி" என்றாள், அவ்வளவுதான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

தடையை எடுத்து உடனே ஒரு மெயிலும் அனுப்பிவிட்டேன். என் பெயரைப் பார்த்ததும் திறக்காமல் விட்டுவிடுவாயோ என்றுதான் இதையும் அனுப்புகிறேன். திருப்பிய மெயிலைச் சர்வர் வைத்துக்கொள்வதில்லை. நீ எழுதியதெல்லாம் போய்விட்டது, தலைப்புகள் மட்டும் லாகில் இருக்கின்றன. மொத்தம் நான்கு. "அப்பாவுக்குப் படிச்சுக் காட்டு." "கிடைச்சுதா?" "என்ன கோபம் அக்கா?" நான்காவது, "இதுதான் கடைசி."

அது கடைசியாக இருக்க வேண்டாமடா. ஐந்தாவதாக ஒன்று எழுது. என்னைத் திட்டி நாற்பது வரி இருந்தாலும் சரி, அப்பாவுக்கு ஒரு வரி இருக்கட்டும். பிரிண்டரில் காகிதம் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
போலீஸ்