நிறுத்தி வைத்த செக்

ஏப்ரல் 11

மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நலமா என்று கேட்க வாய் வரவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

நான் மறுபடி சலவைக்கூட வேலைக்குப் போகிறேன். ஓட்டல் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழுகின்றன. ஒரு முனையை நானும் மறு முனையை இன்னொருத்தியும் பிடித்து மடிக்கிறோம். வெள்ளை விரிப்பை உதறினால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் நிற்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மடிக்கிறேன். "அக்கா, கோணலா மடிக்கிற" என்று எதிரே நிற்பவள் கத்துகிறாள். கத்தட்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் வாலுவின் ஆபரேஷனுக்காக உங்கள் பேரில் ஒரு செக் கொடுத்தேனே, அதை நேற்று பேங்கில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். "என்ன காரணம்மா?" என்று கவுன்ட்டர் பொண்ணு கேட்டாள். "யாருக்காகக் கொடுத்தேனோ அவ இல்ல" என்றேன். அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அப்புறம், "காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்லம்மா. கணக்கு உங்களுது. செக் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பணம் போறதுக்கு முன்னாடி சொன்னீங்கன்னா நிறுத்திடலாம்" என்றாள். போட்டேன்.

உங்கள் கீழ்வீட்டம்மா போன் செய்தார். வீட்டுக் கட்டிலை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டீர்களாம். நான் எதுவும் கேட்கவில்லை. உங்கள் வீடு, உங்கள் கட்டில். ஆனால் நடக்காத ஆபரேஷனுக்குக் கொடுத்த பணம் வேறு எதற்காவது போனால் என் வயிறு எரியும். பெற்ற வயிறு அல்லவா. அதனால்தான் செய்தேன்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


ஏப்ரல் 23

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே செக் திரும்பி வந்துவிட்டது. கொடுத்தவர் நிறுத்தச் சொன்னதாக ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி அனுப்பியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர்கள் செக் வாங்க மாட்டோம் என்றார்கள். முதலாளியிடம் ஓடினேன். "மாமியார் செக் குடுத்திருக்காங்க, மாறினதும் தந்துடறேன்" என்று சொல்லித்தான் ரொக்கம் வாங்கினேன். ஆபரேஷன் நடக்கவில்லைதான். ஸ்கேன், ஊசி, ரூம் என்று எல்லாம் அதிலேயே போய்விட்டது. அவள் போன பிறகு செக்கைத் தொடக் கை வரவில்லை. முதலாளி இரண்டு முறை கேட்ட பிறகுதான் பேங்கில் போட்டேன்.

செக் திரும்பி வந்த அன்று லிஃப்ட் ரிப்பேர் ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டார். "உன் மாமியாருக்கே உன் மேல நம்பிக்கை இல்ல. நான் உன்னை நம்பி லிஃப்ட்டுக்குள்ள ஆளை ஏத்தணுமா?" சிரித்தார்கள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவரே வக்கீலிடம் அனுப்பினார். வக்கீல் ஒன்றுதான் கேட்டார். "அந்தம்மா உனக்குக் கடன்பட்டிருந்தாங்களா, சும்மா குடுத்தாங்களா?" கடனுக்குக் கொடுத்த செக்கை நிறுத்தினால் செக்தான் நிற்கும், கடன் நிற்காதாம். நோட்டீஸ் விடலாமாம், கோர்ட்டுக்குப் போகலாமாம். சும்மா கொடுத்தது என்றால் கேஸ் நிற்காதாம். "கடன்னு சொல்லு, பாத்துக்கலாம்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

கட்டிலை விற்றது, முதலாளி முதல் முறை கேட்டபோது அவருக்குக் கொஞ்சமாவது கொடுக்க. தரையில் படுக்கிறேன். இதைக் கீழ்வீட்டம்மா சொல்லியிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை என்று போடலாமா தெரியவில்லை


மே 2

மாப்பிள்ளைக்கு,

போடலாம். போடுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

ரொக்கம் வாங்கியதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். நீங்களும் வாய் திறக்காத ஆள், நானும் கேட்காத ஆள். பேசுவதெல்லாம் அவள் பேசிவிடுவாள் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம்.

இன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். நிறுத்தச் சொன்னதை நானே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் எடுத்துவிடுவார்களாம். நீங்கள் அதே செக்கை மறுபடி போடலாமாம், தேதி இன்னும் செல்லுமாம். எழுதி வைத்திருக்கிறேன். போடுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். முதலாளி முகத்தில் விட்டெறியுங்கள்.

அத்தை


மே 13

அத்தைக்கு,

போட மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. செக் திரும்பி வந்த பிறகுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். உங்கள் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் அவள் எழுதியது. கையில் ஊசி குத்தியிருக்கும்போதே மருந்துச் சீட்டு அட்டையை அடியில் வைத்து எழுதினாள். என் பேர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 'மட்டும்' என்று எழுதி, யாரும் எதையும் சேர்க்காமல் இருக்க ஒரு கோடு இழுப்பாளே, அந்தக் கோடு பாதியில் நடுங்கி, பிறகு முனையில் வழக்கம்போல ஒரு சுழி. அதற்குப் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை.

பேங்கில் கேட்டேன். பணம் கொடுத்துவிட்டால் செக் அவர்களுக்குத்தானாம். திரும்பத் தர மாட்டார்களாம். நகல் வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள். நகலில் பேனா அழுத்தின பள்ளம் இருக்காது.

நீங்கள் நிறுத்தாமல் இருந்திருந்தால் இது என் கையில் இருந்திருக்காது. அதை நினைத்தால் உங்களிடம் கோபப்படவும் முடியவில்லை.

முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும். எனக்கு எழுத வராது அத்தை. இவ்வளவு எழுதினதே அதிகம்.

மாப்பிள்ளை


மே 26

மாப்பிள்ளைக்கு,

இத்துடன் ஒரு புது செக் இருக்கிறது. அதே தொகை. இதை நானே எழுதினேன்.

சிரிக்காதீர்கள். கடிதத்தில் தப்பு விட்டால் நீங்கள் திருத்திப் படித்துக்கொள்வீர்கள். செக்கில் ஓர் எழுத்து தப்பினாலும் தள்ளிவிடுவார்கள் என்று பயம். அதனால்தான் அவள் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே என் செக்கையெல்லாம் அவள்தான் எழுதுவாள். "கையெழுத்து மட்டும் போடு, மகாராணி" என்பாள். சுழி போடும்போது, "செக்குல படம் வரையாதடி" என்று நான் திட்டுவேன். "படம் இல்லம்மா, பூட்டு" என்பாள்.

இரண்டு தாளைக் கெடுத்தேன். மூன்றாவதைக் கவுன்ட்டர் பொண்ணிடம் காட்டினேன். "சரியா இருக்கும்மா" என்றாள். கோடு இழுத்தேன். சுழி எனக்கு வரவில்லை.

பழைய செக்கை நிறுத்தினது நிறுத்தினபடியே இருக்கட்டும். எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். தெரியாமல் போட்டாலும், யார் கொண்டுபோய் நீட்டினாலும், பேங்க் அதை எடுத்துக்கொள்ளாமல் திருப்பித் தந்துவிடும். அது உங்களிடமே இருக்கும்.

வக்கீல் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். கடன்தான். அவளால் எழுந்திருக்க முடியாதபோது தலை வாரிவிட்டது யார்? வாந்திக்குக் கிண்ணம் பிடித்தது யார்? நான் வேலை முடிந்து வந்து பார்த்துவிட்டுப் போனவள். சும்மா கொடுத்தது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். கோர்ட்டில் ஏற்றிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய செக்கை எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுகிறேன். வைத்துக்கொள்ள மாட்டேன்.

அத்தை


அக்டோபர் 12

மாப்பிள்ளைக்கு,

நடுவில் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. வீட்டைக் காலி செய்துவிட்டீர்களாம், கீழ்வீட்டம்மா சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. இதை ஒர்க்‌ஷாப் முகவரிக்கு அனுப்புகிறேன். அங்கேயும் இல்லை என்றால் யாராவது படித்துவிட்டுப் போகட்டும்.

புது செக்குக்குப் பணம் போய்விட்டது என்று ஜூன் மாதமே பேங்கிலிருந்து செய்தி வந்தது. உங்களிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் சேதி அதுதான். என் எழுத்து செல்லுபடியானது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதை யாரிடம் சொல்வது என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே எங்கும் போவதில்லை. நீங்கள் வரவில்லை. தப்பாகச் சொல்லவில்லை. நமக்கு நடுவில் அவள்தான் இருந்தாள்.

நேற்று பேங்குக்குப் போனேன். நிறுத்தி வைப்பது ஆறு மாதத்துக்குத்தானாம். "அந்த செக்கே காலாவதி ஆயிடுச்சும்மா. இனிமே யார் கொண்டு வந்தாலும் பணம் தர மாட்டோம். எதுக்குக் கட்டணம் கட்டி நிறுத்தறீங்க?" என்று கவுன்ட்டர் பொண்ணு கேட்டாள். "இருக்கட்டும்மா, நிறுத்தி வை" என்றேன். அவள் மறுபடி காரணம் கேட்கவில்லை. படிவத்தை என் பக்கம் தள்ளினாள். நம்பரைப் பார்க்காமலே எழுதினேன்.

ஏப்ரலில் மறுபடி போவேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தப் பழைய செக்கைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்காதீர்கள். கிரீஸ் பட்டால் போகாது. எத்தனை துணி துவைத்தவள் நான், எதைப் போட்டாலும் போகாது.

அத்தை