இளகினார் என்றுதான் சொன்னேன்

கே.கே. நகர், மதுரை

அன்புள்ள விஸ்வநாத்துக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. மெல்போர்னில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் ஸ்ரீஜாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். உன் அத்தை சுபலட்சுமி உறவுக்காரர்களிடமெல்லாம், "அண்ணனுக்குப் பொம்பள ஊசி போட்டு, கடைசியில பொம்பளையாவே ஆயிட்டாராம், மதினியே சொல்லுச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். உனக்கும் போனில் சொல்லியிருப்பாள். மதினி அப்படிச் சொல்லவில்லை. அப்பா போன துக்கம் கேட்க வந்தவர்களிடம் நான் சொன்னது, "அவர் இளகிவிட்டார்" என்பது மட்டும்தான். நான் கான்வென்ட்டில் படித்தவள், ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்றைப் போட மாட்டேன். அது பொம்பள ஊசியும் இல்லை, ப்ராஸ்டேட் புற்றுநோய் வளராமலிருக்க ஆண் ஹார்மோனை அடக்குகிற ஊசி. அது உனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, ஆனால் இரண்டு பேரும் கடைசியில் ஒன்றையே சொல்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஊசி போட ஆரம்பித்த பிறகு அப்பாவுக்குத் திடீரென்று மேலெல்லாம் காந்தும், சட்டை நனைந்துவிடும். எனக்கு மாதவிலக்கு நின்ற காலத்தில் இதே காந்தலோடு ஜன்னலோரம் போய் நிற்பேன், "பொம்பளைகளுக்கு எல்லாமே ஒரு சாக்கு" என்பார். அதை நான் அவருக்கு நினைவூட்டவில்லை. ஒருநாள் நான் விசிறிக்கொண்டிருக்கையில் அவராகவே, "ஒனக்கும் இம்புட்டுக் காந்துச்சா கனகம்?" என்று கேட்டார். இத்தனை வருடக் கல்யாணத்தில் என் உடம்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதன் பிறகு வாடிப்பட்டியில் என் அண்ணன் மகள் ரம்யாஸ்ரீ கல்யாணம் வந்தது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் காரில் ஏற்றும்போது அப்பா தேம்பித் தேம்பி அழுதார். ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. பெண்ணின் அண்ணன் சாய்பிரசாத், "என்ன மாமா, பெத்த எங்கப்பாவே சிரிச்சுக்கிட்டு நிக்கிறாரு, நீங்க எதுக்கு இந்த ஊத்து ஊத்துறீங்க?" என்று கேலி செய்தான். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் மகன ஏர்போர்ட்ல ஏத்திவிட்டப்ப அழுதிருக்கணும் மாப்ள. அப்ப வரல. இப்ப வருது, என்ன செய்யச் சொல்ற?" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றைக்கே உன்னைப் போனில் கூப்பிட்டு இதை வரி பிசகாமல் சொன்னேன். நீ, "அது அப்பா இல்லம்மா, ஊசி பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னான்?" என்று கேட்டார். வேலையாக இருக்கிறானாம் என்றேன்.

நீ எலும்பு டாக்டர். மூளையைப் பற்றி நான் அப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவிடமே கேட்டேன். கருவில் இருக்கும்போதே ஹார்மோன் மூளையைத் தொட்டுவிடுகிறது, விடலைப் பருவத்தில் மறுபடியும் தொடுகிறது என்றார். அதற்காக ஆண் மூளை, பெண் மூளை என்று தனித்தனியாக இரண்டு வார்ப்பு கிடையாதாம், சராசரியில்தான் வேறுபாடு, ஆளுக்கு ஆள் கலந்தே இருக்குமாம். வயதான காலத்தில் போடுகிற ஊசி ஒருவரை வேறொரு ஆளாக்கிவிடாது, ஆனால் தூக்கம், காந்தல், மனநிலை இவற்றையெல்லாம் அசைக்கும், அழுகையும் சுலபமாக வரலாம் என்றார். ஆக, அழுகையை ஊசி கொண்டுவந்திருக்கலாம் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன்னை விமானம் ஏற்றிவிட்ட நாள் அந்த ஊசிக்கு எப்படித் தெரியும் விஸ்வநாத்?

சின்ன வயதில் நீ எல்லாவற்றுக்கும் அழுவாய். தாத்தா காரியத்தன்று பந்தல் நிறைய ஆட்கள் இருக்கும்போது அப்பா உன் தோளைப் பிடித்து உலுக்கி, "பொட்டப்புள்ள மாதிரி அழுகாதடா" என்றார். அதற்குப் பிறகு நீ அழுது நான் பார்த்ததில்லை. போன ஆடியில் அவருக்குக் கொள்ளி வைத்தாய், நாலு நாள் இருந்தாய், கண் ஈரமாகவில்லை, ஊரே கல்நெஞ்சன் என்றது. உன் ஹார்மோனை யாரும் தொடவில்லையே, உனக்கு எந்த ஊசி போட்டார்கள்? அது அப்பாவுடைய வாய் செய்த வேலை. தான் செய்தது என்னவென்று அவருக்குக் கடைசியில் தெரிந்திருந்தது. அதைத்தான் நான் இளகினார் என்கிறேன். அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த, ஊசி போட்ட அந்தக் கடைசி இரண்டு வருடத்தை நீயும் சுபலட்சுமியும் சேர்ந்து மருந்துச் சீட்டில் எழுதிவிட்டால், நான் யாருக்குத் தாலியைக் கழற்றினேன்?

இதை எழுதும்போது நான் அழவில்லை. மை கலைந்திருப்பது மின்விசிறிக் காற்றில் தண்ணீர் டம்ளர் சாய்ந்ததால்.

உன் பையன் அழுதால் அழட்டும், அதட்டாதே. கழுத்து வலிக்கு உயரமான தலையணை வைத்துக்கொள்ளாதே. ஆடியில் திதி வருகிறது, டிக்கெட்டை இப்போதே பார். மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள், மீனாட்சி துணையிருப்பாள்.

எனக்குப் போன் செய்யாதே, கட்டைவிரல் படமும் அனுப்பாதே. அன்றைக்கு வாடிப்பட்டியில் அழுதது உன் அப்பாதான் என்று நீ நம்புகிறாயா, இல்லையா? காகிதத்தில், உன் கையெழுத்தில் பதில் எழுதி அனுப்பு.

உன் அம்மா
கனகலட்சுமி ராஜாராமன்